மூன்று பெட்டி ஹெல்மெட்

சனிக்கிழமை சாயங்காலம் சுலோசனா அரிசி களைந்துகொண்டிருந்தபோது மகள் தேவிப்ரியா போனைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா, இதைப் பாரேன். டாலிகஞ்ச்ல கிரிக்கெட் ஆடுற பொண்ணு. மூஞ்சில பந்து பட்டுடுச்சு. எல்லார் போன்லயும் இதுதான் ஓடுது."

யாரோ மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து எடுத்த வீடியோ. பந்து தரையில் பட்டு எகிறுகிறது. பெண் குனிகிறாள், அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். மற்ற பெண்கள் ஓடிவந்து சூழ்ந்துகொள்கிறார்கள். ஒருத்தி அவளுடைய நீல ஹெல்மெட்டைக் கழற்றிப் புல்லில் வைக்கிறாள். முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய கம்பி கிரில், ஒரு பக்கமாக உள்ளே மடங்கிப் போயிருந்தது.

"மறுபடி போடு" என்றாள் சுலோசனா.

மூன்று தடவை போடச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. புல்லில் கிடந்த ஹெல்மெட்டின் பின்பக்கம்தான் அவள் கண்ணில் நின்றது. அங்கே ஒரு வெள்ளி நிற ஸ்டிக்கர், இடது பக்கம் கொஞ்சம் மேலே ஏறி, சரிவாக ஒட்டியிருந்தது. சுலோசனா வேலை செய்கிற ஹெல்மெட் குடோனின் எட்டுப் பெண்களில் இடது கையால் ஒட்டுகிறவள் அவள் ஒருத்திதான்.

களைந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். "என்னாச்சும்மா?" என்று கேட்டுக்கொண்டே மகள் பின்னால் வந்தாள்.

சுலோசனாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து துறைமுகக் கூலியாகக் கல்கத்தாவுக்கு வந்தவர். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச்சில்தான். எட்டாம் வகுப்புவரை வங்காளிப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் வங்காள எழுத்து அச்சடித்த மாதிரி வரும். கணவன் மாரியப்பன் டோட்டோ ஓட்டுகிறான்; பேட்டரியில் ஓடுகிற அந்த வண்டிக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்.

சந்தீப் என்பவரின் குடோனில் அவள் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. தையல்கடைகள் நெருக்கியடிக்கும் சந்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான கூடம். ஹெல்மெட்டின் ஓடு ஒரு இடத்திலிருந்து மூட்டையாக வரும், கிரில் இன்னோர் இடத்திலிருந்து. பெண்கள் உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டி, கிரில்லை ஸ்க்ரூவால் முடுக்கி, பின்னால் தரச் சான்று ஸ்டிக்கரை ஒட்டிப் பெட்டியில் அடுக்குவார்கள். பெட்டியின் மேல் முகவரி எழுதுவது சுலோசனாவின் வேலை, எழுத்து அழகாக இருப்பதால்.

ஐந்து வருஷத்துக்கு மேல் அது நல்ல சரக்காகத்தான் இருந்தது. மேசையில் ஒரு மரப் பந்து இருக்கும். கிரில்லை முடுக்கிய பிறகு அந்தப் பந்தை முன்பக்கம் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். கிரில்லுக்கும் நெற்றிப் பட்டைக்கும் நடுவில் பந்து நுழைந்தால் அந்த ஹெல்மெட் திரும்பப் போய்விடும். சந்தீப்பே பக்கத்தில் நின்று பார்ப்பார்.

போன துர்கா பூஜைக்குப் பிறகு எல்லாம் மாறியது. ஓடு மெலிந்தது. கிரில் கம்பி கட்டைவிரலுக்கு வளைந்தது. உலோக நட்டு வைத்து முடுக்கிய இடத்தில் இப்போது ஸ்க்ரூ நேரே பிளாஸ்டிக்கிலேயே இறங்கியது. ஒருநாள் காலையில் மேசையில் மரப் பந்து இல்லை. ஸ்டிக்கர் மட்டும் பழைய ஸ்டிக்கர்தான்.

சுலோசனா ஒரே ஒரு தடவை கேட்டாள். "தீதி, உங்க வேலை ஒட்டுறது" என்றார் சந்தீப்; தீதி என்றால் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள், டியூஷன் போகிறாள். அந்த வேலை போனால் வேறு வேலை இல்லை. தெரியாமல் செய்தேன் என்று அவள் பின்னால் எவரிடமும் சொன்னதில்லை. தெரிந்துதான் ஒட்டினாள், மூன்று மாதம்.

அந்தப் புதுச் சரக்கில் அதுவரை வெளியே போனது மூன்று பெட்டிதான், டிசம்பரில் ஒரே நாளில்; அது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பெட்டிக்குப் பன்னிரண்டு. முதல் பெட்டி டாலிகஞ்சில் பெண்கள் பயிற்சி முகாமுக்கு. இரண்டாவது டாக்குரியாவில் ஏரிப் பக்கம் இருக்கிற இன்னொரு முகாமுக்கு. மூன்றாவது வடக்கே தொலைவில் மால்டாவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு. மூன்று முகவரியும் அவள் கையெழுத்து.

அந்தச் சனிக்கிழமை இரவே சந்தீப்புக்கு ஏழெட்டுத் தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. ஞாயிறு விடிந்ததும் குடோனுக்குப் போனாள். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே சந்தீப் ஸ்டிக்கர் சுருள்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சந்தீப்தா, அது நம்ம ஹெல்மெட்" என்றாள் வங்காளத்தில், எப்போதும்போல அண்ணன் முறை வைத்து.

"எது?"

"நேத்து அந்தப் பொண்ணு போட்டிருந்தது."

"பந்து எங்க வேணா படும் தீதி. வண்டில பெல்ட் போட்டவன் சாகறதில்லையா?"

"டாலிகஞ்ச்ல இனிமே அதை யாரும் தொட மாட்டாங்க. மத்த ரெண்டு இடத்துக்கும் ஒரு போன் போடுங்க. தலையில மாட்டாதீங்கன்னு சொன்னா போதும். காரணம் என்ன வேணா சொல்லிக்குங்க. கலர் மாத்தித் தர்றோம்னு சொல்லுங்க."

சந்தீப் சாக்கின் வாயைக் கட்டினார். கட்டி முடித்து நிமிர்ந்தார். "ஸ்டிக்கர் ஒட்டினது யார் கை? பெட்டி மேல யாரோட எழுத்து? யோசிச்சுப் பாருங்க. நான் சொல்றது உங்க நல்லதுக்குத்தான்."

அவள் பாதி தூக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள்.

சந்து முனையில் மாரியப்பன் வண்டியோடு நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டான்.

"டாக்குரியாவுக்குப் போயி என்னான்னு சொல்லுவே?"

"உள்ளதைச் சொல்லுவேன்."

"போலீஸ்னு வந்தா மொதல்ல உன்னையத்தான் கேப்பாங்க, சுலோ."

"தெரியும்."

மாரியப்பன் வண்டியின் சாவியைத் திருப்பினான். "சரி, ஏறு" என்றான்.

அவன் இறக்கிவிட்டுப் போன சந்தோஷ்பூர் ஸ்டேஷனில் ஞாயிற்றுக்கிழமை ரயில் லேசில் வராது. நாற்பது நிமிஷம் நின்றாள். பாலிகஞ்சில் இறங்கி, மேம்பாலம் ஏறி இறங்கி, அடுத்த ரயிலுக்கு இன்னும் இருபது நிமிஷம். இந்த நேரத்துக்கு நெட் பயிற்சி தொடங்கியிருப்பார்கள். போனில் தேடினால் முகாமின் நம்பர் கிடைக்கும் என்று தேவிப்ரியா சொல்லியிருந்தாள். கிடைத்த நம்பர் உபயோகத்தில் இல்லை. பிளாட்பாரத்தில் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு ஒரு குடும்பம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. ஏதாவது ஒரு தலையில் இந்த நிமிஷம் பந்து வந்துகொண்டிருக்கலாம், தான் இங்கே நின்றுகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது.

டாக்குரியாவில் விசாரித்து விசாரித்து மைதானத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். மூன்று நெட். மூன்றிலும் பெண்கள் மட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று தலையிலும் அந்த நீல ஹெல்மெட்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே நெட்டுக்குள் போய்விட்டாள். பந்து வீச ஓடிவந்த பெண் தடுமாறி நின்றாள்.

பயிற்சியாளர் ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும், தொப்பி, கழுத்தில் விசில். யார் நீ, என்ன இது என்று வங்காளத்தில் கோபமாகக் கேட்டார். சுலோசனாவுக்கு மூச்சிரைத்தது. "ஐயோ முருகா, இரு, சொல்றேன்" என்று தன்னையறியாமல் தமிழில் சொன்னாள்.

அவர் குரல் மாறியது. "நீங்க தமிழா? என்ன விஷயம், நிதானமாச் சொல்லுங்கோ."

அவர் பெயர் ராம்கி. லேக் பக்கத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். வார நாளில் பேங்க் ஆபீசர், சனி ஞாயிறில் இந்தப் பெண்களுக்குப் பயிற்சி. சுலோசனா சொல்லச் சொல்ல அவர் நம்பாமல் தலையை ஆட்டினார்.

"சர்டிபிகேட் பார்த்துத்தான் வாங்கினேன். டெஸ்ட் பண்ணின பேப்பர் பைல்ல இருக்கு. நேத்து அந்தப் பொண்ணுக்கு ஆனது துரதிர்ஷ்டம். அதுக்காக..."

"ஒரு பந்து குடுங்க சார்."

பெஞ்சின் மேல் ஹெல்மெட்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கொடுத்த பந்தை கிரில்லின் மேல் கம்பியில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். ஒரு பக்கத்து ஸ்க்ரூ பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வழுக்கியது. கம்பி இறங்கியது. பந்து உள்ளே போய், கண் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது.

"நான் சாதாரணப் பொம்பளை சார். என் விரலுக்கே இப்படி. வேகமா வர்ற பந்துக்கு என்ன ஆகும்?"

ராம்கி இன்னொன்றை எடுத்துத் தானே அழுத்திப் பார்த்தார். பிறகு மூன்றாவது. நெட்டில் இருந்தவர்கள் தாமாகவே ஹெல்மெட்டைக் கழற்றினார்கள்.

"தெரிஞ்சே ஒட்டினேளா?" என்றார் ராம்கி.

"ஆமாங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஹெல்மெட்டுகளை ஓரிடத்தில் சேர்த்தார்கள். சுலோசனா எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள்.

"சார், பன்னெண்டு வந்திருக்கணுமே."

ராம்கியின் கை விசிலுக்குப் போய் அப்படியே நின்றது. "ஹம்சினி" என்றார். "இன்னிக்கு அவளுக்கு செலக்‌ஷன் மேட்ச். டாலிகஞ்ச் பக்கம் கிரவுண்ட். எடுத்துண்டு போயிருக்கா."

போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆடுகிறவள் போன் பையில்தானே கிடக்கும். "ஏறுங்கோ" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார். பின்னால் உட்காருகிறவர் போடுகிற ஹெல்மெட்டை அவளிடம் நீட்டினார். அதை மாட்டும்போது அவள் கட்டைவிரல் தானாக அதன் ஓட்டின் மேல் அழுத்திப் பார்த்தது.

பிரின்ஸ் அன்வர் ஷா ரோடில் ஒவ்வொரு சிக்னலும் சிவப்பில் நின்றது. ஒரு சிக்னலில் ராம்கி, "நல்ல வேகமான பவுலர் ரெண்டு பேர் இருக்கா அந்த எதிர் டீம்ல" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

மைதானத்தை அடைந்தபோது ஹம்சினி ஆடிக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே நீலம் தெரிந்தது. ராம்கி ஸ்டாண்டு போடக்கூட நிற்கவில்லை. ஸ்கூட்டர் சாய்ந்து விழுந்தது. கையை ஆட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடினார். சுலோசனாவும் ஓடினாள். அதற்குள் பவுலர் ஓடத் தொடங்கிவிட்டாள். பந்து பாதியில் குத்தி எழும்பியது. ஹம்சினியின் தலை பின்னால் போனது.

சுலோசனா ஓடிய இடத்திலேயே நின்றுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்து பார்த்தபோது பந்து விக்கெட் கீப்பரின் கையில் இருந்தது. ஹம்சினி தன் இடத்திலேயே நின்று, ஓடிவருகிற பயிற்சியாளரை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் போயிருந்தது.

அம்பயர் கோபப்பட்டார். தேர்வாளர்கள் எழுந்து வந்தார்கள். ராம்கி எல்லாருக்கும் விளக்கினார். ஹம்சினிக்குப் பதினேழு வயது. முப்பத்தொரு ரன் எடுத்திருந்தாள். அந்த நாளுக்காக ஒரு வருஷம் காத்திருந்தவள். வேறு ஹெல்மெட் போட்டால்தான் ஆடலாம் என்று அம்பயர் சொல்லிவிட்டார். அவள் டீமில் இருந்தவை ஒன்றும் அவள் தலைக்குச் சேரவில்லை. எதிர் டீம் கேப்டன் தன்னுடையதைக் கொடுத்தாள். அது கொஞ்சம் பெரிது. மூன்றாவது பந்தில் அது கண்ணுக்கு முன்னால் சரிய, ஹம்சினி போல்டானாள்.

வெளியே வந்து, காலில் கட்டிய பேடைக் கழற்றாமல் நேரே சுலோசனாவிடம் வந்தாள். அவளும் தமிழ்ப் பெண்தான், ஆனால் வங்காளத்தில் பேசிப் பழகிய வாய். தமிழ் யோசித்து யோசித்து வந்தது.

"ஆன்ட்டி, நீங்கதான் இதைப் பண்ணினதா?"

"ஆமாம்மா."

"அப்போ ஏன் இன்னிக்கு வந்தீங்க? ஏன் நேத்து வரலை? ஏன் போன மாசம் வரலை? அந்தப் பொண்ணுக்கு ஆகிறதுக்கு முன்னாடி ஏன் வரலை?"

கேட்டுவிட்டு ஹம்சினி திரும்பி நடந்தாள். அந்த வருஷம் அவள் தேர்வாகவில்லை.

அன்றைக்கே சுலோசனா ராம்கியோடு போய்ப் போலீஸில் எழுதிக் கொடுத்தாள். போலீஸ்காரர்கள் குடோனுக்குப் போனபோது கூடம் காலியாக இருந்தது. தரையில் ஸ்பாஞ்ச் துண்டுகள் மட்டும் கிடந்தன. சந்தீப்பை ஒரு வாரம் கழித்துப் பிடித்தார்கள். வழக்கு நடக்கிறது. சுலோசனாவின் பெயரும் அதில் இருக்கிறது, சாட்சியாகவா குற்றவாளியாகவா என்று வக்கீலுக்கே இன்னும் நிச்சயமில்லை. மற்ற ஏழு பெண்களுக்கும் வேலை போயிற்று. அவர்களில் பக்கத்து வீட்டுச் சகுந்தலா, பன்னிரண்டு வருஷம் கூடவே தண்ணீர் பிடித்தவள், இப்போது குழாயடியில் இவளைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

அடிபட்ட பெண்ணின் பெயர் மௌமிதா. கன்ன எலும்பில் தகடு வைத்திருந்தார்கள். இடது கண்ணில் பார்வை மங்கலாகத்தான் இருக்கிறது, மேற்கொண்டு தேறுமா என்று சொல்ல முடியாது என்றார்கள். சுலோசனா முதல் தடவை ஆஸ்பத்திரி மாடிப்படிவரை போய்த் திரும்பிவிட்டாள். இரண்டாவது தடவை போய் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்து, "இருங்க, அவரைக் கூப்பிடுறேன். அவர்கிட்டயும் சொல்லுங்க" என்றாள். கணவன் வந்ததும் முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அவர் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். அந்த அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். "நீங்க இனிமே வராதீங்க" என்றாள், சாந்தமாக.

மிச்சம் மால்டா பெட்டி. கடைக்காரர் போனில் எரிந்து விழுந்தார். ஒன்பது விற்றுவிட்டதாம், மூன்று இருக்கிறதாம். யார் வாங்கினார்கள் என்று எழுதி வைக்கிற வழக்கமில்லையாம். ராம்கி பேசிய பிறகு அந்த மூன்றையும் தனியே எடுத்து வைத்தார். மற்ற ஒன்பதும் அந்த ஊரில் யார் யார் தலையிலோ இருந்தன.

"மால்டா என்ன நம்ம தெருவா?" என்றான் மாரியப்பன். "எங்கேன்னு போயித் தேடுவே?"

"தெரியலைங்க. இங்க உக்காந்திருக்க முடியலை."

அவன் தடுக்கவில்லை. சியால்தா ஸ்டேஷனிலிருந்து காலை ரயிலில் போனாள். கடை வாசலில் வங்காளத்தில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள், நீல ஹெல்மெட் வாங்கியவர்கள் தலையில் மாட்ட வேண்டாம் என்று. பள்ளிக்கூடங்களிலும் கிளப்புகளிலும் ஒட்டினாள். முதல் பயணத்தில் இரண்டு கிடைத்தன. அடுத்த மாதம் போனபோது இன்னும் இரண்டு. கிடைத்தவற்றைக் கடைக்காரர் கண்ணெதிரிலேயே கல்லால் அடித்து உடைத்தாள். ஐந்து பாக்கி.

மார்ச்சில் மூன்றாவது தடவை போனாள். வெயில் ஏறிவிட்டது, சீசன் முடிகிற நேரம். ஊருக்கு வெளியே மாந்தோப்பை ஒட்டிய மைதானம் ஒன்றில் மேட்ச் நடந்துகொண்டிருந்தது. மட்டை பிடித்தவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தலையில் நீலம். அவ்வளவு தூரத்திலிருந்து ஸ்டிக்கர் தெரியவில்லை. பவுலர் தன் இடத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தான்.

அவள் கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தாள். பக்கத்தில் நின்ற பீல்டர் "ஏ மாஷி, எங்க போறீங்க?" என்று சித்தி முறை சொல்லிக் கூப்பிட்டான். நாலு பக்கத்திலிருந்தும் கத்தினார்கள். யாரோ சிரித்தார்கள். அவள் வேகத்தைக் கூட்டினாளே தவிர நிற்கவில்லை. மட்டை பிடித்தவன் அவளைப் பார்த்துவிட்டு விலகி நின்றான்.

"ஒரு நிமிஷம் குனியப்பா" என்றாள் வங்காளத்தில்.

என்ன நினைத்தானோ, குனிந்தான். அவள் இரண்டு கட்டைவிரலையும் கிரில்லின் மேல் கம்பியில் வைத்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினாள். கம்பி அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். விரல் வலித்ததுதான் மிச்சம்.

"இது நல்லது. ஆடு" என்றாள்.

பிறகு அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மைதானத்தின் மறுபக்கமாக நடந்து வெளியே போனாள். அந்தச் சாலையில் இன்னும் இரண்டு மைதானம் இருப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.